கொரோனா காலத்துக் கொப்பிகளைத் தேடி எடுப்போம்

(தோட்டக் கமிட்டிகளின் இளைஞர், யுவதிகளுக்காகச் சங்கம் நடத்திய ஒருநாள் கருத்தரங்கில், தோட்டப் பாடசாலை ஆசிரியரான சங்க அமைப்பாளர் ஒருவர் 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"கொரோனா காலத்தில் இளைஞர் ஆற்றிய சேவை" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பாராட்டிப் பேசுவதென்றால் பத்து நிமிடம் போதும். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். நான் பேச நினைப்பது வேறு. அந்த இரண்டு வருடமும் நீங்கள் செய்தவற்றில் எது உங்கள் சேவை, எது வேறொருவர் செய்யாமல் விட்ட கடமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டால், அடுத்த ஆபத்திலும் அதே சுமை உங்கள் தலையில்தான் ஏறும்.

அந்த நாட்களில் உங்களில் பலர் கொப்பி வைத்திருந்தீர்கள். எந்த லயத்தில் எத்தனை குடும்பம், யாருக்கு மருந்து, யாருக்கு அரிசி, எந்தப் பிள்ளையிடம் போன் இல்லை என்று எழுதினீர்கள். அந்தக் கொப்பிகள் இன்று எங்கே? பெட்டிக்குள் கிடக்கும், அல்லது அடுப்பு மூட்டப் போயிருக்கும். மிஞ்சியிருப்பவற்றைத் தேடி எடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நாடு மூடியது, மலை மூடவில்லை

2020 மார்ச் மாதத்தில் முதலில் பாடசாலைகளை மூடினார்கள். மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. டவுனில் கடை இல்லை, பஸ் இல்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. கொழும்புத் தேயிலை ஏலத்தையும் இணையத்துக்கு மாற்றி நடத்தினார்கள். நாடே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது நம் தாய்மார் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். நாட்டுக்கு டொலர் தேடிக் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. அன்று அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 1000 ரூபா என்ற வர்த்தமானி வர 2021 மார்ச் ஆனது. 2023இன் இறுதியிலும் அந்த 1000 ரூபாவிலேயே நிற்கிறோம்.

வானொலியில் ஒரு மீட்டர் தூரம் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் ஒரு மீட்டர் எங்கே இருக்கிறது? இருபது செக்கன் கை கழுவச் சொன்னார்கள். பீலியில் தண்ணீர் வருவதே காலையில் கொஞ்ச நேரம். காய்ச்சல் கண்டவரைத் தனி அறையில் வையுங்கள் என்றார்கள். தொங்கல் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் இருப்பது ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாத லயங்கள் நம்மிடம் உண்டு. சட்டம் ஊருக்குச் சொன்னது. நமது லயத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று யோசித்தவர்கள் நீங்கள்தான்.

ஊர் திரும்பிய பிள்ளைகள்

முதலாவது வேலை, கொழும்பிலிருந்து திரும்பிய நம் பிள்ளைகள் விஷயம். புறக்கோட்டைக் கடைகளிலும், ஹோட்டல்களிலும், கார்மன்ட்டிலும், வீட்டு வேலையிலும் இருந்தவர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையிலும் பேலியகொட மீன் சந்தையிலும் நோய் பரவியது. நவம்பர் 14ஆம் திகதி தீபாவளி. தீபாவளிக்கு ஊருக்கு வராதே என்று தாய் தகப்பனே பிள்ளைக்குப் போனில் சொல்ல வேண்டி வந்தது.

வந்தவர்களை என்ன சொன்னோம்? "கொரோனாவைக் கொண்டு வந்தவன்" என்றோம். பீலிக்கு வராதே என்றோம். வருடம் முழுக்க அவன் அனுப்பிய காசில் கோயில் திருவிழா நடத்தியவர்கள்தான் அப்படிச் சொன்னோம். நம் பாட்டன் பூட்டன்மாரை மண்டபம் கேம்பில் நோய்ச் சோதனைக்கு அடைத்து வைத்துத்தான் இந்த நாட்டுக்கு ஏற்றினார்கள். வாந்திபேதியையும் அம்மையையும் கூலிக்காரன்தான் கொண்டு வருகிறான் என்று அன்று துரைமார் சொன்னார்கள். அதே பேச்சை நாமே நம் பிள்ளையைப் பார்த்துப் பேசினோம்.

அந்தப் பேச்சை நிறுத்தியவர்கள் பெரியவர்கள் இல்லை. அடைத்து வைத்த வீட்டு இஸ்தோப்பில் அரிசி, மா, பருப்பு கொண்டுபோய் வைத்துவிட்டு, தள்ளி நின்று, "அண்ணே, பொருள் வெச்சிருக்கேன், எடுத்துக்கங்க, வேற என்ன வேணும்?" என்று சத்தமாகக் கேட்ட பதினெட்டு வயதுப் பையன்கள். ஒருவன் கேட்க, முழு லயமும் அதைக் கேட்டது. அடுத்த நாள் பக்கத்து வீட்டு அக்காவே தண்ணீர்க் குடத்தை வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

இது சேவை. இதை வேறு யாரும் செய்ய முடியாது, இது உங்களுடையது. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பதினான்கு நாள் அடைபட்டிருந்த குடும்பத்துக்கு அந்தப் பதினான்கு நாள் பேர் எங்கே போனது? வேலைக்கு வர வேண்டாம் என்று தடுத்து வைத்தது சட்டம். அந்தச் சம்பளம் செக்ரோலில் விழுந்ததா? உங்கள் கொப்பியில் அந்தக் குடும்பத்தின் பெயரும் திகதியும் இருந்தால், சங்கம் அதை வைத்துக் கேட்கலாம். வாய்ச் சொல்லை வைத்துக் கேட்க முடியாது.

ஐயாயிரம் ரூபாவும் பெயர்ப் பட்டியலும்

இரண்டாவது, பட்டியல் எழுதிய வேலை. 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் அரசாங்கம் குடும்பத்துக்கு 5000 ரூபா கொடுத்தது. தோட்டத்தில் மாதச் சம்பளம் இருக்கிறது என்று சொல்லி நம்மில் பலரின் பெயர் விடுபட்டது. ஒரு காம்பராவில் தாய் தகப்பன், கல்யாணம் செய்த மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு மூன்று குடும்பம் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு கதவு, ஒரு குடும்பம். வேலையிலிருந்து நின்ற வயதானவர்கள், கொழும்பில் வேலை இழந்து வந்தவர்கள், கொந்தரப்புக்கு மட்டும் போகிறவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

படித்த பிள்ளைகள் வீடு வீடாகப் போய் எழுதினார்கள். சிங்களத்தில் இருந்த படிவத்தை வாசித்து நிரப்பிக் கொடுத்தார்கள். கிராம உத்தியோகத்தரிடம் கொண்டுபோய்ப் பேசினார்கள். சில பெயர்கள் சேர்ந்தன, சில சேரவில்லை. சேர்ந்ததற்குக் காரணம் அந்தக் கொப்பி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தோட்டத்தில் எத்தனை குடும்பம் என்ற கணக்கு, வேலை செய்கிற ஆளின் கணக்காகத்தான் ஆபீஸில் இருக்கிறது. வேலைக்குப் போகாதவர் அந்தக் கணக்கில் இல்லை. பிரதேச சபைக்குக்கூட நமது லயத்தில் காசு செலவழிக்கச் சட்டத்தில் இடம் இல்லாமல் இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டத்தில் இருக்கிற எல்லா மனிதரையும் ஒரே கொப்பியில் எழுதியது, பல இடங்களில், நீங்கள்தான் முதல் தடவை. 2022இல் மாவும் மண்ணெண்ணெயும் விலையேறியபோதும் அந்தப் பட்டியல்தான் உதவியது. மண்சரிவு எச்சரிக்கை வரும் ராத்திரியில், எந்தக் காம்பராவில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பதும் அதில்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடலாமா?

மருந்தும் விலாசமும்

மூன்றாவது, மருந்து. பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போய் மருந்து எடுப்பார்கள். ஊரடங்கில் அது நின்றது. நாட்டின் பல இடங்களில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். நல்ல ஏற்பாடு. ஆனால் நமது வீட்டுக்கு விலாசம் எது? தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடிதம் ஆபீஸுக்கு வரும். அங்கிருந்து யார் கையில் எப்போது வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். வேலைக்கு அழைத்த கடிதம் பிந்தி வந்ததால் வாய்ப்பை இழந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அதே பழைய நோய் கொரோனாவில் மருந்துப் பொதிக்கும் பிடித்தது.

அப்போது பையன்கள் என்ன செய்தார்கள்? வயதானவர்களின் கிளினிக் கொப்பிகளைச் சேர்த்து, ஒரு பாஸ் வாங்கி, ஓட்டோ ஒன்றைப் பிடித்து, எல்லோருக்குமாக ஒரே ஆள் போய் மருந்து எடுத்து வந்தார்கள். பெட்ரோல் காசைத் தங்களுக்குள் போட்டுக்கொண்டார்கள். பிரசவ வலி வந்த பெண்ணை, 1990 அம்பியூலன்ஸ் ஏற முடியாத பாதையில், பெரிய ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள்.

இங்கேதான் நான் சொன்ன கணக்கு வருகிறது. தோட்டத் தொழிலாளியின் சுகாதாரத்துக்குத் தோட்டம் பொறுப்பு என்று 1912ஆம் ஆண்டிலேயே வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் சொல்லிவிட்டது. லயத்தைச் சுத்தமாக வைப்பது, நோயாளியைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது, வைத்தியம் கிடைக்கச் செய்வது எல்லாம் வெள்ளைக்காரத் துரையே ஏற்றுக்கொண்ட கடமை. நூறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கடமையை இருபது வயதுப் பிள்ளை தன் கைக்காசில் செய்கிறான். நாம் அவனுக்கு மாலை போடுகிறோம். மாலை போடுவதில் தவறில்லை. பில்லை உரிய இடத்துக்கு அனுப்பாமல் விடுவதுதான் தவறு.

தடுப்பூசி வந்த காலத்தையும் சொல்ல வேண்டும். 2021இல் தோட்டங்களுக்கு ஊசி வந்தபோது பலருக்குப் பயம். ஊசி போட்டால் செத்துப்போவாய் என்று போனில் வந்த கதைகள் எத்தனை! ஒரு தங்கை ஒரு வயதான அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"பாட்டி, ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் காய்ச்சல் அடிக்கும். பயப்பட வேணாம். ரெண்டு நாள் மலைக்குப் போகாம இருங்க."

"காய்ச்சலுக்குப் பயமில்ல கண்ணு. அந்த ரெண்டு நாள் பேர யாரு போடுவா?"

அந்தத் தங்கையிடம் பதில் இல்லை. நம் யாரிடமும் இல்லை. வெளியில் இருந்தவர்கள் நம் மக்களை அறியாமை என்றார்கள். அந்தப் பாட்டி கேட்டது கணக்கு. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சிலோ சம்பளச் சபையிலோ சங்கம் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்: பொதுச் சுகாதாரத்துக்காகத் தொழிலாளி இழக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா, இல்லையா?

மலை உச்சியில் வகுப்பு

நான்காவது, நான் நன்றாக அறிந்த விஷயம், படிப்பு. ஒன்லைன் வகுப்பு என்றார்கள். நாங்களும் வட்ஸ்அப்பில் குறிப்புகள் அனுப்பினோம். வீட்டில் ஒரு போன். அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோவார். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன். ரீலோட் போட்ட காசு இரண்டு சூம் வகுப்பில் முடியும். சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர் டாங்கிக்கு மேலே, தேயிலைக்குள் ஏற வேண்டும். அங்கே அட்டை, குளவி, மழை. ஆண் பிள்ளை போவான். இருட்டினால் பெண் பிள்ளையை யார் அனுப்புவார்?

அந்த வருடம் 2020 ஒக்டோபர் 11இல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பாடசாலை பாதி நாள் மூடியிருந்தும் பரீட்சை வந்தது. உயர்தரம் படித்த பிள்ளைகள், தங்கள் பரீட்சையும் தலைக்கு மேலே இருக்க, லயத்துச் சின்னப் பிள்ளைகளை நான்கு நான்கு பேராக இஸ்தோப்பில் உட்கார வைத்துப் படிப்பித்தார்கள். மேலே ஏறி ஒருவர் குறிப்பை டவுன்லோட் செய்து வந்து, கையால் பிரதி எழுதி, வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். திரும்பவும் பாடசாலை திறந்தபோது நான் வகுப்பில் பார்த்தேன்: அப்படி ஒரு அக்காவோ அண்ணனோ இருந்த லயத்துப் பிள்ளைகள் எழுத்தை மறக்கவில்லை. இல்லாத லயத்தில் சில பிள்ளைகள் பாடசாலைக்கே திரும்பவில்லை. கடைக்குப் போனான், வீட்டு வேலைக்குப் போனாள் என்று பதில் வந்தது.

எந்தப் பிள்ளை எப்போது நின்றது என்பதும் உங்கள் கொப்பிகளில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்று பதினைந்து, பதினாறு வயது. சிலரை இன்னும் திருப்பி அழைக்கலாம். அதற்கும் பெயர் வேண்டும், விலாசம் வேண்டும்.

போட்டோவில் இல்லாதவர்கள்

இன்னொரு விஷயம். அந்த நாள் நிவாரணப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். அரிசி மூட்டையோடு நிற்பது எல்லாம் பையன்கள். நடுவில் ஒரு தலைவர். பட்டியல் எழுதியது யார்? கணக்கு வைத்தது யார்? தைத்த மாஸ்க்கைக் கொடுத்தது யார்? கார்மன்ட் மூடி வீட்டுக்கு வந்த தங்கைகள், பழைய துணியில் மாஸ்க் தைத்துப் பிரட்டுக்களத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொழுந்து பறிப்பதில் கூடுதல் பேர் பெண்கள். சந்தா கட்டுவதிலும் அவர்களே. கமிட்டியில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைக் கேட்கும்போது சில தோட்டத் தலைவர்கள் கொஞ்சம் அசௌகரியமாக உட்காருகிறார்கள். பரவாயில்லை, நமது வீட்டுப் பேச்சை நமது வீட்டில்தான் பேச வேண்டும்.

ஆபத்து வந்தபோது இளைஞர்களைத் தேடினோம். முடிந்த பிறகு "சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்" என்றோம். அவர்களில் பாதிப் பேர் திரும்பவும் கொழும்புக்குப் போய்விட்டார்கள், சிலர் வெளிநாட்டுக்கும் போனார்கள். போகாமல் இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பிழைப்பு அப்படி. ஆனால் இருக்கிறவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறோமா?

மூன்று வேலை

ஆகவே மூன்று விஷயத்தை இந்தக் கருத்தரங்கின் முன் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு டிவிசனிலும் மிஞ்சியிருக்கும் கொப்பிகளைச் சேருங்கள். போனில் இருக்கும் பட்டியல்களையும் எழுதுங்கள். யார் அடைபட்டார், எத்தனை நாள் பேர் போனது, யாருக்கு மருந்து வரவில்லை, எந்தப் பிள்ளை படிப்பை விட்டது என்று நான்கு தலைப்பு போதும். இந்த வருடம் நாம் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோம். அந்தப் பாதையில் செத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் எழுதிய கணக்கில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. நம் காலத்தையாவது நம் கையால் எழுதி வைப்போம்.

இரண்டு: அந்தக் கொப்பியிலிருந்து கோரிக்கையை எடுப்போம். தனிமைப்படுத்திய நாளுக்கும் தடுப்பூசி நாளுக்கும் சம்பளம். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் தபால் விலாசமும். அம்பியூலன்ஸ் வரக்கூடிய பாதை. இதைப் பிரதேச சபையிடமும் கேட்கலாம், 2018க்குப் பிறகு அவர்கள் சட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது. தோட்ட வைத்திய நிலையத்தில் ஆளும் மருந்தும். இவை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். உங்கள் தோட்டத்தில் எது முதலில் என்பதை உங்கள் கொப்பி சொல்லும்.

மூன்று: தோட்டக் கமிட்டி ஒவ்வொன்றிலும் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண் பிள்ளை. அவசர காலத்தில் வேலை விட்டு ஓடுகிற பிள்ளையின் நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் கிளைப் பணத்திலிருந்து கொடுக்க ஒரு தீர்மானம். சந்தா கட்டுகிறவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. மருந்து வந்து சேர்ந்தது அவர்கள் வீட்டுக்குத்தான்.

தம்பிமாரே, தங்கைமாரே, நீங்கள் செய்தது பெரிய வேலை. அதை யாரும் உங்களிடம் கேட்டு வாங்கவில்லை, நீங்களாகச் செய்தீர்கள். அடுத்த தடவையும் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த தடவை பெட்ரோல் காசைத் தேடி நீங்கள் அலையக் கூடாது, பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவிசன் வாரியாக உட்காருவோம். கொப்பி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று முதலில் பெயர் எழுதிக்கொள்வோம். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொப்பியோடு வாருங்கள்.